ரத்தக் காட்டேரி நட்சத்திரம்: யார் யாரை உறிஞ்சுகிறார்கள்?

"ரத்தக் காட்டேரி நட்சத்திரம் கண்டுபிடிப்பு" என்ற தலைப்பில் அவ்வப்போது ஒரு செய்தி வந்துவிடும். கூடவே ஒரு படம், அதில் நீல உருண்டை ஒன்று பக்கத்தில் இருக்கும் சிவப்பு உருண்டையிலிருந்து எதையோ இழுத்துக் குடித்துக்கொண்டிருக்கும். அந்தப் படம் பெரும்பாலும் ஓவியர் வரைந்தது, தொலைநோக்கியில் எடுத்தது இல்லை. செய்தியைப் படித்தவர்களுக்கு மிஞ்சுவது குழப்பம்தான்: நட்சத்திரம் நட்சத்திரத்தை விழுங்குமா, கருந்துளைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், இந்தப் பெயரை வைத்தது விஞ்ஞானியா இல்லை பத்திரிகைக்காரரா?

பெயரில் கொஞ்சம் விளம்பரம் இருப்பது உண்மை. ஆனால் அது வெறும் விளம்பரமும் இல்லை.

முதலில் மூன்று காட்டேரிகள்

ஒரே பெயரில் மூன்று விஷயங்கள் புழங்குகின்றன. கலந்து பேசினால் எதுவும் புரியாது.

1. கல்லறைக் காட்டேரி. 18ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பியக் கிராமங்களில் மக்கள் நிஜமாகவே பயந்தது. புதைத்தும் அழுகாமல் இருக்கும் பிணம், ராத்திரியில் எழுந்து வந்து உறவினர்களைக் கொல்கிறது என்ற நம்பிக்கை.

2. திரைக் காட்டேரி. கோட்டை, கறுப்பு அங்கி, கோரைப் பல், வெயில் பட்டால் சாம்பல். இன்று நம் மனதில் இருப்பது இதுதான். இதன் விதிகளில் பாதிக்கு மேல் எழுத்தாளர்களும் சினிமாக்காரர்களும் உண்டாக்கியவை.

3. வானத்துக் காட்டேரி. இரட்டை நட்சத்திரங்களில் ஒன்றின் பொருள் மற்றொன்றுக்குப் போய்ச் சேரும்போது, வாங்கிக்கொள்ளும் நட்சத்திரத்துக்குச் சூட்டிய செல்லப்பெயர்.

மூன்றாவது, பெயரை இரண்டாவதிடமிருந்து எடுத்துக்கொண்டது. அதன் தர்க்கமோ முதலாவதோடுதான் அதிகம் ஒத்துப்போகிறது. கல்லறையைத் திறந்த கிராமத்தாரும் தொலைநோக்கியில் கண் வைத்த வானியலாளரும் ஒரே மாதிரியான புதிரில்தான் தடுக்கி விழுந்தார்கள்: வயதுக்குப் பொருந்தாத இளமையோடு ஒன்று எதிரே இருக்கிறது, அந்த இளமை யாரிடமிருந்து வந்தது?

கல்லறையைத் திறந்தவர்கள் கண்டது

1718இல் வடக்கு செர்பியா துருக்கியர் கையிலிருந்து ஆஸ்திரியப் பேரரசின் கைக்கு மாறியது. புதிய ஆட்சி என்றால் புதிய அதிகாரிகள், அதிகாரிகள் வந்தால் அறிக்கைகள். அதுவரை வாய்மொழியாக இருந்த கிராமத்துப் பயம் முதல்முறையாக அரசாங்கக் காகிதத்தில் ஏறியது இப்படித்தான்.

1725இல் கிசில்யெவோ என்ற கிராமத்தில் பீட்டர் பிளகோயெவிச் என்பவர் இறந்தார். அவரைப் புதைத்துப் பத்து வாரம் ஆன நிலையில், எட்டே நாளில் ஒன்பது பேர் செத்துப்போனார்கள். படுக்கையில் கிடந்தவர்கள், பீட்டர் வந்து தங்கள் மேல் ஏறி அமுக்கினார் என்று சொல்லிவிட்டுச் செத்ததாக ஊர் சொன்னது. ஃப்ரோம்பால்ட் என்ற அதிகாரி, மேலிடத்து அனுமதி வரும்வரை பொறுங்கள் என்றார். ஊர்க்காரர்கள் கேட்கவில்லை, தடுத்தால் ஊரையே காலி செய்துவிட்டுப் போய்விடுவோம் என்று மிரட்டினார்கள். அவர் கூடப் போய் நின்று பார்த்ததை எழுதி அனுப்பினார்: உடல் கெடவில்லை, பழைய தோல் உரிந்து அடியில் புதுத் தோல் தெரிந்தது, புது நகம் இருந்தது, வாயில் ரத்தம். மார்பில் கழியை அடித்து இறக்கியதும் காதிலும் வாயிலும் ரத்தம் வழிந்தது. உடலை எரித்தார்கள். அந்த ஆண்டே இது வியன்னா பத்திரிகையில் வந்துவிட்டது.

அடுத்தது மெத்வெஜா என்ற ஊர். அர்னோல்ட் பவுலே என்ற முன்னாள் படைவீரர் வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து இறந்தவர். அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்பட்ட சாவுகளை விசாரிக்க ராணுவ மருத்துவர் ஃப்ளூகிங்கர் போனார். 1732 ஜனவரியில் அவர் கொடுத்த அறிக்கை ஐரோப்பா முழுக்கப் பரவி, லண்டன் பத்திரிகைகள் வரை போனது. தோண்டி எடுத்த பல உடல்களைப் பற்றி அவர் கையாண்ட தொனி, உடற்கூறு அறிக்கையின் தொனிதான்.

இவர்கள் பொய் சொல்லவில்லை. பார்த்ததைத்தான் எழுதினார்கள். பார்த்ததற்குச் சொன்ன காரணம்தான் தப்பு. பிணம் எப்படிக் கெடும் என்று இன்று தெரிந்ததை வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்:

1. உடல் கெடும் வேகம் ஒரே மாதிரி இருப்பதில்லை. குளிர், மண்ணின் ஈரம், குழியின் ஆழம், காற்றுப் போக்கு எல்லாம் அதைத் தள்ளிப்போடும். பக்கத்துக் குழியில் எலும்பு மட்டும் இருக்க, இங்கே முழு உடல் இருப்பது சாதாரணம்.

2. குடலில் உள்ள நுண்ணுயிர்கள் வாயுவை உண்டாக்கும். வயிறு ஊதும், முகம் உப்பும். ஒல்லியாகச் செத்தவர் சதை போட்டிருப்பது போலத் தெரிவார். ஊர் அதை "நன்றாகச் சாப்பிட்டிருக்கிறான்" என்று படித்தது.

3. அதே வாயு நுரையீரலிலும் வயிற்றிலும் தேங்கிய கருஞ்சிவப்பு நீரை மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் தள்ளும். உறைந்த ரத்தம் மறுபடி நீர்த்துப்போவதும் உண்டு.

4. மேல் தோல் கையுறை போலக் கழன்றுவிடும், நகமும் உதிரும். அடியில் இருக்கும் பளபளப்பான சிவந்த பகுதிதான் "புதுத் தோல், புது நகம்".

5. ஊதிய உடலில் கழியை அடித்தால் வாயு தொண்டை வழியே பீறிட்டு வெளிவரும். அப்போது முனகல் போன்ற சத்தம் எழும். அந்த இடத்தில் நின்றவர் ஓடாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அப்புறம் தொற்றுநோய். ஒரு வீட்டில் ஒருவர் செத்து, சில வாரத்தில் அடுத்தவர், அதற்கடுத்து இன்னொருவர் என்றால் முதலில் செத்தவர் மீது சந்தேகம் விழும். இது செர்பியாவோடு முடிந்துவிடவில்லை. அமெரிக்காவில், ரோட் ஐலண்ட் மாநிலத்தில் எக்ஸிட்டர் என்ற ஊரில் 1892இல் ஒரு குடும்பத்தைக் காசநோய் வரிசையாகத் தின்றது. ஜனவரியில் இறந்த மெர்சி பிரவுன் என்ற பெண்ணின் உடலை மார்ச் மாதம் எடுத்துப் பார்த்தார்கள், உறைபனிக் காலத்தில் வைத்த உடல் என்பதால் அது அவ்வளவாகக் கெட்டிருக்கவில்லை. இதயத்தை எரித்து அந்தச் சாம்பலை நோயாளி அண்ணனுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்துக்குள் அவரும் இறந்தார். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டறிந்து அதற்குள் பத்து வருடம் ஆகியிருந்தது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அறிவு இருப்பது வேறு, அது ஊர் போய்ச் சேருவது வேறு.

ஆஸ்திரியாவில் இந்தப் பழக்கத்துக்கு முடிவு கட்டியது அரசி மரியா தெரசா. 1755இல் தன் மருத்துவர் கெரார்ட் வான் ஸ்விட்டன் மூலம் விஷயத்தை ஆராயச் செய்து, உள்ளூர்க்காரர்கள் தாங்களாகக் கல்லறையைத் திறந்து பிணத்தை எரிப்பதைத் தடுத்தார்.

இன்னொன்றைக் கவனியுங்கள். இந்த ஆவணங்களில் வரும் காட்டேரி வெளிறிப்போன பிரபு இல்லை. உப்பிச் சிவந்த கிராமத்தான். அவன் குறி வைப்பது அழகான அந்நியப் பெண்ணை இல்லை, சொந்த மனைவி மக்களையும் பக்கத்து வீட்டுக்காரரையும்தான்.

வெயில் பட்டால் சாவான் என்று சொன்னது யார்?

கிராமத்தானைப் பிரபுவாக்கியது இலக்கியம். 1819இல் ஜான் பொலிடோரி என்ற இளம் மருத்துவர் எழுதிய கதையில்தான் காட்டேரி உயர்குடி மனிதனாக, விருந்துகளில் உலவுகிறவனாக மாறினான். பொலிடோரி சில காலம் கவிஞர் பைரனுக்கு மருத்துவராக இருந்தவர், அந்தப் பாத்திரத்தில் பைரனின் சாயல் அப்படியே இருக்கிறது. 1897இல் பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா வந்தது. கண்ணாடியில் பிம்பம் விழாது என்ற விதி அவர் சேர்த்தது. ஆனால் அந்த நாவலில் டிராகுலா பகலில் லண்டன் தெருவில் நடந்து போகிறான். பகலில் சக்தி குறையும், அவ்வளவுதான். கடைசியில் அவனைக் கொல்வதும் மரக்கழி இல்லை, இரண்டு கத்திகள்.

சூரிய ஒளியில் அழிவது 1922இல் வந்த நோஸ்ஃபெராட்டு என்ற ஜெர்மன் மௌனப்படத்தோடு வந்தது. முர்னாவ் இயக்கியது. உரிமை வாங்காமல் டிராகுலாவைப் படமாக்கினார்கள், பெயர்களை மாற்றினார்கள், காட்டேரியை விடியல் வெளிச்சத்தில் கரைந்துபோக வைத்தார்கள். ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளாரன்ஸ் வழக்குப் போட்டார், 1925இல் எல்லாப் பிரதிகளையும் அழிக்கும்படி ஜெர்மன் நீதிமன்றம் சொன்னது. எங்கெங்கோ தப்பிய பிரதிகளால் படம் பிழைத்தது. இன்று உலகம் பூராவும் "தொன்றுதொட்டு வரும் நம்பிக்கை" என்று நினைத்துக்கொண்டிருப்பது, நீதிமன்றம் அழிக்கச் சொன்ன ஒரு படத்தின் கடைசிக் காட்சி.

இதில் வேடிக்கை, மருத்துவமும் இந்த வலையில் விழுந்ததுதான். 1985இல் ஒரு உயிர்வேதியியலாளர், போர்ஃபிரியா என்ற ரத்த நோய்தான் காட்டேரிக் கதைகளின் மூலம் என்று ஒரு கருத்தை வைத்தார். சில வகைப் போர்ஃபிரியாவில் வெயில் பட்டால் தோல் புண்ணாகும், அதுதான் முக்கிய ஆதாரம். பிளகோயெவிச்சையோ பவுலேயையோ வெயில் ஒன்றும் செய்ததாக எந்த அறிக்கையிலும் இல்லை! சினிமா விதியைக் கிராமத்து நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டு நோயைத் தேடியதால் வந்த வினை. நோயாளிகளுக்குத் தேவையில்லாத அவப்பெயர் கிடைத்ததுதான் மிச்சம்.

மற்ற சாமான்களும் இப்படியே சேர்ந்தவை. உயர்ந்த கழுத்துப்பட்டி வைத்த அங்கி 1920களின் மேடை நாடகத்திலிருந்து வந்தது. 1931இல் பேலா லுகோசி நடித்த அமெரிக்கப் படத்தில் கோரைப் பல்லே கிடையாது. 1958இல் கிறிஸ்டோபர் லீ டிராகுலாவாக வண்ணத்தில் வந்தபோது பல்லும் ரத்தமும் சிவந்த கண்ணும் சேர்ந்தன. 1967இல் ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் பர்னபாஸ் காலின்ஸ் என்ற காட்டேரி நுழைந்து, பார்வையாளர்களுக்குப் பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டான். தினமும் வீட்டுக்கு வரும் பாத்திரத்தைக் கொடூரனாகவே எவ்வளவு நாள் காட்டுவது? குற்ற உணர்ச்சி, காதல், தன் நிலையை நினைத்து வருத்தம் எல்லாம் வந்தாக வேண்டும். பின்னால் வந்த பரிதாபத்துக்குரிய, காதலிக்கத் தக்க காட்டேரிகளில் பலருக்கு இந்தப் பாதை போட்டுக் கொடுத்தது தொடர் வடிவம்தான் என்பது என் கணிப்பு.

கடித்தவுடன் எல்லோரும் காட்டேரி ஆவதில்லை என்ற விதிமுறை பல கதைகளில் இருப்பதற்கும் காரணம் உண்டு. ஒரு காட்டேரி மாதம் ஒருவரைக் கடித்து, கடிபட்டவரும் காட்டேரியானால் எண்ணிக்கை மாதாமாதம் இரட்டிக்கும். 1, 2, 4, 8 என்று போனால் 33 மாதத்தில் 800 கோடியைத் தாண்டிவிடும். கதை நடக்க ஆள் வேண்டாமா?

சரி, வானத்துக்கு வருவோம்.

ஒரே வயதுக் கூட்டத்தில் ஒரு இளசு

நட்சத்திரத்தைப் பற்றி முதலில் தெரிய வேண்டியது: எடை கூடினால் ஆயுள் குறையும். சூரியன் அளவு நிறை உள்ள நட்சத்திரம் மையத்தில் ஹைட்ரஜனை எரித்துக்கொண்டு சுமார் 1,000 கோடி ஆண்டு ஓட்டும். சூரியனைப் போல் பத்து மடங்கு நிறை உள்ளதற்கு இரண்டு மூன்று கோடி ஆண்டுதான். எரிபொருள் அதிகம் இருந்தாலும் எரிக்கும் வேகம் அதைவிட எத்தனையோ மடங்கு அதிகம். கனமானவை நீலமாகவும் பிரகாசமாகவும் இருக்கும், சீக்கிரம் முடிந்துபோகும். எடை குறைந்தவை மஞ்சளாக, சிவப்பாக, மங்கலாக, பொறுமையாக எரியும்.

இரண்டாவது: கோளக் கொத்து என்று அழைக்கப்படும் நட்சத்திரக் கூட்டங்களில் லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை. ஆகவே 1,000 கோடி ஆண்டுக்கு மேல் வயதான கொத்தில் கனமான நீல நட்சத்திரம் எதுவும் மிஞ்சியிருக்கக் கூடாது. எல்லாம் எப்போதோ செத்திருக்க வேண்டும்.

1953இல் ஆலன் சாண்டேஜ் எம்3 என்ற கோளக் கொத்தைப் படம் பிடித்து ஆராய்ந்தபோது, இருக்கவே கூடாத அந்த நீல நட்சத்திரங்கள் சில அங்கே இருந்தன. ஒரே வருடம் பள்ளியில் சேர்ந்தவர்கள் அறுபது வருடம் கழித்துக் கூடும்போது நாலைந்து பேர் மட்டும் கல்லூரி மாணவர் போல நின்றால் எப்படி இருக்கும், அப்படி. கூட்டம் போன வழியில் போகாமல் பின்தங்கி நிற்பவை என்ற பொருளில் இவற்றுக்கு "நீலப் பின்தங்கிகள்" என்ற பெயர் வந்தது. செய்திகளில் வரும் காட்டேரி நட்சத்திரங்களில் ஒரு பெரிய வகை இதுதான்.

இளமைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இரண்டு நட்சத்திரங்கள் மோதி ஒன்றாகிவிடுவது. மற்றது, துணை நட்சத்திரத்திடமிருந்து பொருளை வாங்கிக்கொள்வது. 1,300 கோடி ஆண்டு பழைய எம்30 கொத்தில் 2009இல் ஹபிள் தொலைநோக்கித் தரவுகளை ஆராய்ந்தவர்கள், நீலப் பின்தங்கிகள் நிறத்திலும் ஒளியிலும் இரண்டு தனித்தனி வரிசையாகப் பிரிந்து நிற்பதைக் கண்டார்கள். ஒரு வரிசை மோதலில் வந்தது, இன்னொன்று உறிஞ்சலில் வந்தது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

பொருள் எப்படிக் கை மாறுகிறது?

இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று நெருக்கமாகச் சுற்றுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றைச் சுற்றியும் அதன் ஈர்ப்பு கோலோச்சும் ஒரு எல்லை உண்டு. துளி வடிவத்தில் இருக்கும் இதற்கு, பிரெஞ்சு அறிஞர் எட்வார்ட் ரோஷின் பெயரால் ரோஷ் மடல் என்று பெயர். இரண்டு மடல்களும் நடுவில் ஒரு புள்ளியில் தொட்டுக்கொள்ளும். இனி நடப்பது படிப்படியாக:

1. இரண்டில் கனமானது முதலில் கிழடாகும். மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்ததும் வெளிப்பகுதி ஊதிப் பெருக்கும்.

2. ஊதியது தன் மடலை நிரப்பிவிட்டால், அதற்கு மேல் வெளியே வரும் வாயு அதற்குச் சொந்தமில்லை. தொடுபுள்ளி வழியாகத் துணையின் பக்கம் கொட்டும்.

3. கொடுப்பது கனமானதாக இருக்கும்வரை, பொருள் மாறமாற இரண்டும் இன்னும் நெருங்கும். நெருங்கினால் மடல் சுருங்கும், சுருங்கினால் இன்னும் கொட்டும். இந்தக் கட்டம் வேகமாக நடந்து முடியும்.

4. வாங்கியது கனமாகி, கொடுத்தது இளைத்த பிறகு நிலைமை தலைகீழ். இப்போது பொருள் மாறினால் இடைவெளி கூடும். கொட்டுவது மெதுவாகும்.

5. வாங்கியது வேகமாகச் சுழலும், கனக்கும், நீலமாகும். கொடுத்ததோ மேலாடை போய் உட்கருவோடு நிற்கும்.

நாலாவது கட்டத்தில் இருக்கும் ஒன்றை வெறும் கண்ணால் பார்க்கலாம். பெர்சியஸ் மண்டலத்தில் இருக்கும் அல்கோல், சுமார் 90 ஒளியாண்டு தூரம். 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை மங்கி மீளும். 1783இல் ஜான் குட்ரிக் என்ற 18 வயது இளைஞர், காது கேளாதவர், இதன் கால ஒழுங்கைக் கண்டு, ஏதோ ஒன்று குறுக்கே போய் மறைக்கலாம் என்று சொன்னார். பின்னால் நிறையைக் கணக்கிட்டபோது ஒரு சிக்கல் எழுந்தது. சூரியனைப் போல மூன்று மடங்குக்குச் சற்று மேல் நிறை உள்ளது இன்னும் இளமையாக எரிகிறது, முக்கால் சூரியன் அளவு கூட இல்லாத துணையோ ஊதிக் கிழடாகி நிற்கிறது. கனமானதுதானே முதலில் கிழடாக வேண்டும்? 1950களில் விடை கிடைத்தது: இன்றைய மெலிந்த கிழடுதான் ஒரு காலத்தில் கனமானது, எடையை அது கொடுத்துவிட்டது.

எப்போதும் தொடுபுள்ளி வழியாகத்தான் பொருள் போக வேண்டும் என்றும் இல்லை. எஸ்எஸ் லெபோரிஸ் என்ற இரட்டையை 2011இல் சிலியில் உள்ள ஐரோப்பியத் தொலைநோக்கிகளை இணைத்துப் பார்த்தபோது, அதிலுள்ள பெருத்த நட்சத்திரம் எதிர்பார்த்ததைவிடச் சிறியது, அதாவது மடலை நிரப்பும் அளவுக்கு இல்லை என்று தெரிந்தது. பெருத்த நட்சத்திரத்திலிருந்து வீசும் காற்றைத் துணை பிடித்துக்கொள்கிறது என்பதே பொருத்தமான விளக்கம் ஆயிற்று.

வாயில் ரத்தம் இருக்கிறதா?

கிராமத்தார் கேட்ட அதே கேள்வியை வானியலாளரும் கேட்க வேண்டும். இளமையாக இருக்கிறது, சரி. இன்னொருவரிடமிருந்து எடுத்தது என்பதற்குச் சான்று?

ஒரு சான்று, பக்கத்தில் கிடக்கும் மிச்சம். என்ஜிசி 188 என்ற கொத்தின் நீலப் பின்தங்கிகள் சிலவற்றின் அருகே வெள்ளைக் குள்ளன்கள் இருப்பதை ஹபிள் புற ஊதா ஒளியில் காட்டியது. வெள்ளைக் குள்ளன் என்பது வெளிப்பகுதியை இழந்த நட்சத்திரத்தின் உட்கரு, பூமி அளவே இருக்கும், எரிவது நின்றுவிட்ட பொருள்.

இன்னொன்று, ஒட்டிக்கொண்ட கறை. பேரியம் போன்ற கனத் தனிமங்கள் முதிர்ந்து ஊதிய பெருமீன் நட்சத்திரங்களின் உள்ளே உருவாகின்றன, இளம் நட்சத்திரம் அதைத் தானாகச் செய்ய முடியாது. சுமார் 400 கோடி ஆண்டு வயதுள்ள எம்67 கொத்தில் ஒரு நீலப் பின்தங்கியின் மேற்பரப்பில் பேரியம் மிகுதியாக இருப்பது தெரியவந்தது, அதன் துணையான வெள்ளைக் குள்ளனை இந்தியாவின் அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் உள்ள புற ஊதாத் தொலைநோக்கி காட்டியது. கறையும் மிச்சமும் ஒரே இடத்தில்.

சான்று சரியாக இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு எச்ஆர் 6819 நல்ல பாடம். சுமார் 1,000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் இதில், 40 நாளுக்கு ஒரு சுற்றுச் சுற்றும் ஒரு நட்சத்திரம் கண்ணுக்குத் தெரியாத கருந்துளையைச் சுற்றுகிறது என்றும், தள்ளி இன்னொரு நட்சத்திரம் இருக்கிறது என்றும் 2020இல் ஒரு குழு அறிவித்தது. "பூமிக்கு மிக அருகில் உள்ள கருந்துளை" என்று உலகமெல்லாம் செய்தி. வேறொரு குழு மறுத்தது: கருந்துளையே தேவையில்லை, ஒரு நட்சத்திரம் மற்றதன் மேலாடையை உருவியிருந்தால் இதே அளவீடுகள் வரும் என்றது. எது சரி என்பதற்குத் தெளிவான ஒரு சோதனை இருந்தது. கருந்துளை என்றால் இரண்டு நட்சத்திரங்களும் வெகு தூரம் தள்ளியிருக்க வேண்டும், உருவல் என்றால் ஒட்டி இருக்க வேண்டும். இரண்டு குழுவும் சேர்ந்தே பார்த்தார்கள். 2022இல் முடிவு வந்தது: இடைவெளி, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு. கருந்துளை போனது, காட்டேரி வந்தது. உருவப்பட்ட நட்சத்திரம் எடையை இழந்தும் பிரகாசத்தை இழக்காமல் இருந்ததுதான் எல்லோரையும் ஏமாற்றியிருந்தது.

1725க்கும் 2022க்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. இரண்டு இடத்திலும் கவனமான பார்வை இருந்தது, விளக்கமும் இருந்தது. எந்த முடிவு வந்தால் என் விளக்கம் தப்பு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பார்த்தவர்கள் இரண்டாமவர்கள்.

பெயர் எங்கே உதைக்கிறது?

உவமையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்றால், அதிகம் வேண்டாம்.

1. காட்டேரி தாக்கவே இல்லை. "உறிஞ்சுகிறது" என்று செய்தி சொல்கிறது, நடப்பது பெரும்பாலும் கொடுப்பது ஊதி வழிவதுதான். வாங்குவது இருந்த இடத்தில் இருக்கிறது.

2. தொடக்கத்தில் காட்டேரிதான் சின்னது. பெரியது தானே பெருத்துத் தானே இழக்கிறது.

3. கதைக் காட்டேரிக்குச் சாவு கிடையாது. நட்சத்திரத்துக்கு நேர் எதிர். பொருளை வாங்கிப் புதுசாகத் தெரிவது உண்மை, மையத்துக்குக் கொஞ்சம் புது ஹைட்ரஜன் கிடைப்பதும் உண்மை. ஆனால் கனம் கூடிவிட்டதால் எரியும் வேகம் எகிறிவிடுகிறது. வாங்காமலே இருந்திருந்தால் இன்னும் நெடுங்காலம் ஓடியிருக்கும். இந்த ஒரு விஷயத்தை நான் பார்த்த தலைப்புச் செய்திகள் ஏறக்குறைய எல்லாமே தலைகீழாகச் சொல்கின்றன.

பெயர் கச்சிதமாகப் பொருந்தும் ஒரு வகையும் இருக்கிறது. வாங்குவது வெள்ளைக் குள்ளனாக இருந்தால், செத்த நட்சத்திரம் உயிரோடு இருப்பதிடமிருந்து தின்கிறது. கிசில்யெவோ ஊர்க்காரர்கள் இதை உடனே புரிந்துகொண்டிருப்பார்கள்.

இதனால் என்ன?

இது அபூர்வக் காட்சி என்று நினைக்க வேண்டாம். மிகக் கனமான, ஓ வகை நட்சத்திரங்கள் 71ஐ ஆறு இளம் கொத்துகளில் ஆராய்ந்து 2012இல் வெளியான முடிவு: இவ்வகையில் 70 சதவீதத்துக்கு மேல் தம் வாழ்நாளில் துணையோடு பொருளைப் பரிமாறிக்கொள்ளும், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவை இணைந்தே போய்விடும். அதாவது கனமான நட்சத்திரத்தைத் தனி ஆளாக வைத்துப் பாடம் நடத்துவதே சரியில்லை. நட்சத்திரம் வெடித்துச் சிதறுவதைத்தான் சூப்பர்நோவா என்கிறார்கள்; அவற்றில் மையம் நொறுங்கி வெடிப்பவற்றில் சுமார் மூன்றில் ஒன்றில் ஹைட்ரஜன் காணப்படுவதில்லை. அந்த ஹைட்ரஜன் எங்கே போனது என்ற கேள்விக்குத் துணை கொண்டுபோய்விட்டது என்ற பதில் நெடுநாளாக இருந்தது, அப்படி உருவப்பட்ட ஹீலிய நட்சத்திரங்கள்தான் ஒரு கூட்டமாகக் கையில் சிக்காமல் இருந்தன. 2023இல் மெகல்லன் மேகங்கள் என்ற பக்கத்துக் குட்டி விண்மீன் மண்டலங்களில் புற ஊதா ஒளியில் தேடி 25 நட்சத்திரங்களை அடையாளம் காட்டினார்கள்.

வெள்ளைக் குள்ளன் காட்டேரியின் கதை இன்னும் பெரியது. சுப்பிரமணியன் சந்திரசேகர் கணக்கிட்டபடி வெள்ளைக் குள்ளன் சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் தாங்காது. துணையிடம் தின்று அந்த எல்லையை நெருங்கினால் முழுக்க வெடித்துச் சிதறலாம். இதுதான் டைப் 1ஏ சூப்பர்நோவா. இவற்றின் பிரகாசத்தை அளவுகோலாக வைத்துத்தான், பிரபஞ்சம் விரியும் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று 1998இல் இரண்டு குழுக்கள் கண்டன, அதற்கு 2011இல் நோபல் பரிசும் கிடைத்தது. இந்த வெடிப்புகளில் எத்தனை, தின்று கொழுத்ததால் வந்தவை, எத்தனை இரண்டு வெள்ளைக் குள்ளன்கள் மோதியதால் வந்தவை என்பதில் வானியலாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

அந்தச் சண்டைக்கு உதவக்கூடிய ஒரு காட்டேரி பக்கத்திலேயே இருக்கிறது. டி கொரோனே பொரியாலிஸ், சுமார் 3,000 ஒளியாண்டு. கனத்த வெள்ளைக் குள்ளன் ஒன்று சிவப்புப் பெருமீனிடமிருந்து ஹைட்ரஜனைத் தன் மேல் அடுக்கிக்கொண்டே போகிறது. அடுக்கு போதுமான கனம் ஆனதும் அணுகுண்டு போல மேற்பரப்பு மட்டும் வெடிக்கும், உள்ளே இருப்பது பிழைத்துக்கொள்ளும், மறுபடி முதலிலிருந்து தின்னும். இதை நோவா என்கிறார்கள். 1866இலும் 1946இலும் வெடித்தது. அடுத்ததற்கு 2024 முதலே தொலைநோக்கிகளைத் திருப்பி வைத்துக் காத்திருக்கிறார்கள். வெடித்தால் சில நாள் வடதுருவ நட்சத்திரம் அளவுக்கு வெறும் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு வெடிப்பிலும் அது சேர்த்ததை முழுக்க உதறிவிடுகிறதா, கொஞ்சமாவது மிச்சம் பிடித்துக்கொண்டு 1.4ஐ நோக்கி நகர்கிறதா என்பதை, வெளியே தள்ளிய பொருளின் அளவையும் சுற்றுக்காலம் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதையும் வைத்துத்தான் சொல்ல முடியும்.